பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹோலுக்கு ஒரு நிறம்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் உள்ள எங்கள் வீட்டின் ஹோல் பத்து அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் கொண்டது. ஒரு செற்றி, இரண்டு கதிரைகள், தொலைக்காட்சி வைத்த மேசை, அம்மாவின் தையல் இயந்திரம், மாலையிட்ட அப்பாவின் படம், சாமிப் படங்கள், நான் பட்டம் பெற்றபோது எடுத்த படம் என்று அடங்க வேண்டியவை எல்லாம் அடங்கிய பின்னர், நடப்பதற்கு எஞ்சுவது செற்றிக்கும் மேசைக்கும் இடையிலான ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். இந்த அறைக்குப் புதிதாகப் பெயின்ற் அடிப்பதென்று கார்த்திகை மாதத்தில் முடிவு செய்தோம். அடித்து முடித்தது பங்குனியில். வேலை உண்மையில் ஐந்து நாட்களுக்கு உரியது. மீதிக் காலம் சுவர் காய்வதற்குக் காத்திருப்பதிலும், நிறம் தேடுவதிலும், இலண்டனில் இருக்கும் அக்காவோடு வட்ஸ்அப்பில் வாதிடுவதிலும் கழிந்தது. அந்தத் தேடலில் நான் கற்றவற்றை, இதே அளவான ஹோலை வைத்துக்கொண்டு கடையில் நிற ஏட்டைப் புரட்டுபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டில் முதற் சண்டை அதில்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு நிறம் பூசுவது பெரும்பாலும் தைப்பொங்கலுக்காக, இல்லாவிட்டால் ஒரு கலியாணத்துக்காகவோ சாமத்திய வீட்டுக்காகவோ நடக்கும். பொங்கலுக்கு முன் சுவரை வெளுப்பாக்குவது சுண்ணாம்புக் காலத்து வழக்கம் என்பதும், சுண்ணாம்புக்கு அது பொருந்தியது என்பதும் உண்மையே. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கித்தான் இறுகுகிறது. சுவரில் சிறிது ஈரம் இருப்பது அதற்கு நல்லது, காய்ந்த சுவரை நனைத்துவிட்டுத்தான் வெள்ளையடிப்பார்கள். இப்போது சுவருக்கு அடிக்கும், நீர் கலந்த எமல்ஷன் பெயின்றோ சுவரின்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்து தீர்ந்துவிடுவதால், தை பிறக்கும்போது நமது சுவர்கள் ஆண்டிலேயே அதிக ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த ஈரத்தின்மேல் தோலைப் போர்த்தினால், மாசி வெயிலில் அது வெளியேற வழி தேடிக் கொப்புளமாகக் கிளம்பும். ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பொங்கலுக்கு முதல் வாரம் அடித்த பெயின்ற், சித்திரைக்குள் அப்பளம்போலப் பொங்கியது. ஆகவே இம்முறை பொங்கலைப் பழைய சுவரோடு கொண்டாடுவோம், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடிப்போம் என்றேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

தை மாதக் கடைசியில் சுவரைச் சுரண்டத் தொடங்கினோம். பழைய வீடுகளில் இது ஒரு சிறு அகழாய்வு போன்றது. மேலே நாங்கள் அடித்த மஞ்சள் கலந்த வெள்ளை. அதன் கீழே வெறும் சுண்ணாம்பு, 1995இல் ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து மறு ஆண்டு திரும்பி வந்தபின் அப்பா அவசரமாக அடித்தது. அதற்கும் கீழே, தூளை நீரில் கரைத்துப் பூசும் டிஸ்ரெம்பரின் பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில், தாத்தா கட்டிய காலத்து வெள்ளை, இலேசான நீலச்சாயலோடு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்து ஊற்றுவது அக்காலத்து வழக்கம். நீலம் சுண்ணாம்பின் பழுப்பை அடக்கி, கண்ணுக்கு வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டும். நிற அறிவியல் எதுவும் படிக்காத தாத்தாவுக்கு, ஒரு நிறத்தைத் திருத்த அதன் எதிர்நிறத்தை ஒரு துளி சேர்த்தால் போதும் என்பது தெரிந்திருக்கிறது. இந்தச் செய்தி எனக்குப் பின்னால் பெரிதும் உதவியது.

டிஸ்ரெம்பரும் உதிரும் சுண்ணாம்பும் இருக்கும் சுவரில் எமல்ஷனை நேரடியாக அடிக்கக்கூடாது. அது சுவரைப் பற்றுவதில்லை, தூளைத்தான் பற்றும். தூள் உதிரும்போது கூடவே வரும். சுவரின் அடியில் இரண்டு அடி உயரம் வரை உப்பும் பூத்திருந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் நிலத்தில், நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் உப்பு சுவரின் வழியே ஏறி, நீர் ஆவியானபின் வெள்ளைப் பஞ்சுபோல் வெளியே நிற்கிறது. அதைக் கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். மூன்று வாரம் இப்படி அள்ளினோம். எந்த நிறமும் உப்பை மறைப்பதில்லை என்பதால், நிறத்தைப் பற்றிய பேச்சே அதன்பின்புதான் தொடங்க வேண்டும்.

ஆனால் பேச்சு அதற்குக் காத்திருக்கவில்லை. அக்கா கார்த்திகையிலேயே பதினேழு படங்கள் அனுப்பிவிட்டிருந்தாள், எல்லாம் சாம்பல் நிறச் சுவர்கள். "இப்ப இங்க எல்லாரும் கிரே தான் அடிக்கிறாங்கள். சின்ன ஹோல், கிரே அடிச்சால் வடிவா இருக்கும்" என்றாள். அம்மாவுக்குச் சந்தன நிறம். எனக்கு, உண்மையைச் சொன்னால், தூய வெள்ளை. சிறிய அறைக்கு வெள்ளை அடித்தால் பெரிதாகத் தோன்றும் என்று எங்கோ படித்ததை வேதவாக்காக வைத்திருந்தேன். மூவரும் பிழை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது, அதற்கு நான் செய்தது ஒன்றேதான்: அந்த அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. முன்னால் விறாந்தை; அதன் கூரை தாழ்ந்து இறங்கியிருப்பதால் ஹோலிலிருந்து பார்த்தால் வானமே தெரியாது. தெரிவது விறாந்தையின் சிவப்புச் சீமெந்துத் தரையும், அதற்கப்பால் கூட்டி விட்ட செம்மண் முற்றமும். ஆகவே ஹோலுக்குள் வரும் வெளிச்சம் வானத்திலிருந்து இறங்குவதல்ல, தரையிலிருந்து ஏறுவது. காலை வெயில் முற்றத்தில் விழுந்து, செம்மண்ணில் தெறித்து, விறாந்தைத் தரையில் மறுபடி தெறித்து, ஹோலின் சிவப்புத் தரையில் மூன்றாம் முறையும் தெறித்து, அதன்பின்தான் சுவரைத் தொடுகிறது. மூன்று இடத்திலும் சிவப்பைப் பூசிக்கொண்டு வரும் அந்த ஒளி, வெள்ளைச் சுவரில் விழுந்தால் சுவர் எப்படி வெள்ளையாக இருக்கும்? பழைய சுவரின் முன் ஒரு வெள்ளைக் கடதாசியை முதலில் நிமிர்த்தியும் பிறகு தரைப்பக்கம் சரித்தும் பிடித்துப் பார்த்தேன். தரைப்பக்கம் சரித்தபோது அது வெளிறிய றோசா நிறமாகிவிட்டது. வடக்குச் சுவரின் யன்னலில் வேறு கதை: அதற்கு வெளியே அடுத்த வளவு வேம்பு நிற்கிறது, நண்பகலில் அதன் பச்சை உள்ளே வருகிறது. தூய வெள்ளைக்குத் தனக்கென்று எதுவும் இல்லாதபடியால் அது அயலவர் எல்லோரிடமும் கடன் வாங்கும். கிழக்கில் றோசா, வடக்கில் வேப்பிலை, மூலைகளில் அழுக்கு. வெள்ளை அந்த நிமிடத்தில் என் பட்டியலிலிருந்து விழுந்தது.

இங்கே ஒரு இடைச்செருகல். நிறம் தெரிவு செய்வது பற்றிப் பிறநாட்டார் எழுதியவற்றில், வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயில் வராது, அங்கே ஒளி குளிர்ந்து நீலம் பாயும், ஆகவே இளஞ்சூடான நிறங்களைப் பூசுங்கள் என்று தவறாமல் ஒரு வரி இருக்கும். இலண்டனில் அது சரி. யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகை அகலக்கோட்டை ஒட்டி இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நமது உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதன்பின் வடக்கே சாய்ந்து, ஆவணியில்தான் மீண்டும் உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். அதாவது ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் நமது வடக்கு யன்னலுக்கு வெயில் உண்டு, உச்சிப்பொழுதில் இறவாரம் அதை மறைத்தாலும் காலையிலும் மாலையிலும் சாய்ந்து உள்ளே நுழையும். எங்கள் ஹோலில் ஆனி மாதத்து மாலை நான்கரை மணி வெயில் வடக்கு யன்னலால் புகுந்து கிழக்குச் சுவரின் உட்புறத்தில் விழுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் 'வடக்கு ஒளி' என்றால் அந்த வரியை எழுதியவர் நீர்வேலிக்கு வந்ததில்லை. அக்காவின் சாம்பல் நிறமும் இப்படித்தான். மேகமூட்டத்தின் மெல்லிய ஒளியில், மரத்தரை போட்ட அறையில், அது அமைதியாக இருக்கும். நமது தரையும் முற்றமும் அங்கே இல்லை.

வெறும் வாதத்தால் அக்கா அடங்க மாட்டாள் என்பதாலும், எனக்கே நிச்சயம் வேண்டியிருந்ததாலும், யாழ் நகரில் உள்ள ஒரு கடையில் மூன்று நிறங்களைச் சிறு பேணிகளில் கலந்து வாங்கினேன். கடையில் நின்ற பையன் நிற ஏட்டைக் காட்டி, "இதுதான் அண்ணை, அச்சொட்டா இதே வரும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஏட்டில் உள்ள துண்டு தீப்பெட்டியளவு. நான்கு சுவர்களிலும் ஒரே நிறம் ஏறும்போது ஒரு சுவரின் ஒளி எதிர்ச்சுவரில் விழுந்து அதன் நிறத்தை மேலும் கடுமையாக்கும். ஏட்டில் சாதுவாக இருந்த மஞ்சள், அறை முழுவதும் அடித்தபின் கூக்குரலிடுவது இதனால்தான். நிறம் பிடித்திருந்தால் ஏட்டில் அதற்கு ஒரு படி வெளிறியதை எடுப்பது சிறிய அறைக்குப் பாதுகாப்பு என்று எங்கள் பெயின்ற் அடிக்கும் அண்ணையும் சொன்னார். இருபது ஆண்டுகளாக இந்த ஊரின் சுவர்களோடு வாழ்பவர் அவர். "கடையிலை ரியூப் லைற்றுக்குக் கீழை நிண்டு எடுக்காதையும் தம்பி, உம்மடை வீட்டு வெளிச்சம் கடையிலை இல்லை" என்ற அவருடைய ஒரு வசனம், நான் படித்த எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது.

சுவரிலேயே சோதனைப் பூச்சுப் பூசலாம். ஆனால் பழைய நிறத்தின் நடுவே ஒரு திட்டாக நிற்கும் புதிய நிறத்தைக் கண் சரியாக மதிப்பிடுவதில்லை. ஆகையால் பாடசாலைப் பிள்ளைகள் வாங்கும் பெரிய பிறிஸ்ரல் போட் மூன்றில், சுற்றிவர இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டேன். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளிறியும் காய்ந்தபின் சற்றுக் கருத்தும் தோன்றும். அவசரப்பட்டு ஈரத்தில் முடிவெடுப்பவர் மறுநாள் ஏமாறுவார். பிறகு அந்த மட்டைகளை ஒவ்வொரு சுவராக மாற்றி மாற்றி, காலை ஏழு மணி, நண்பகல், மாலை நான்கு மணி, இரவு விளக்கு என்று ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றை அடியிலும் ஒன்றை மேலேயும் ஒட்டிப் பார்ப்பது முக்கியம், ஏனெனில் தரையின் தெறிப்பு அடியில்தான் அதிகம்.

சாம்பல் நிற மட்டை முதல் நாளே தன் குணத்தைக் காட்டிவிட்டது. தரைக்கு அருகே வைத்தபோது, அதனுள் இருந்த நீலமும் தரையின் சிவப்பும் சேர்ந்து கத்தரிப்பூ நிறம் காட்டின. மேலே கொண்டுபோனால் அதே மட்டை பச்சை கலந்த பாசி நிறமாகத் தோன்றியது. மேலே நடப்பது தெறிப்பு அல்ல, கண்ணின் வேலை. பாரிஸில் கொபெலின் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற இரசாயனவியலாளரிடம், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்து, சாயத்தில் பிழையில்லை, அருகருகே நெய்த நிறங்கள்தான் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்று கண்டு 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். பெரிய சிவப்புப் பரப்பைப் பார்த்த கண், அதன் பக்கத்தில் இருக்கும் நிறமற்ற சாம்பலில் சிவப்பின் எதிர்நிறமான பச்சையைத் தானே பூசிக்கொள்கிறது. கீழே கத்தரிப்பூ, மேலே பாசி. ஒரே சுவருக்கு இரண்டு நிறம் வேண்டும் என்பவர்கள் சிவப்புத் தரைக்குமேல் சாம்பல் அடிக்கலாம்.

அம்மாவின் சந்தனத்தில் தவறு எதிர்ப்பக்கம் இருந்தது. சந்தனத்திலேயே சூடு உண்டு. தரையின் சூடும் ஏறியபோது மட்டை பழுத்த பப்பாசியின் உட்பக்கம்போல் ஆயிற்று. காலை வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குனி வெயிலின் பிற்பகல் இரண்டு மணிக்கு, மின்விசிறி சுற்றியும் வியர்க்கும் நேரத்தில், அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மேலும் ஒரு அடுப்பை மூட்டியது போன்றிருந்தது. அம்மாவே மட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "வேண்டாம், இது காந்துது" என்றார்.

மூன்றாவது மட்டை, தாத்தாவின் நீலத்தை நினைத்து நான் கலந்து வாங்கியது. சிவப்பைத் திருத்த வேண்டுமென்றால் அதன் எதிர்நிறம் பச்சை; ஆனால் பச்சை என்று கண்ணுக்குத் தெரியாத அளவு பச்சை. கடைப் பையனுக்கு இதை விளக்க முடியாமல், வாழைத்தோட்டத்து ஊரவன் என்ற முறையில், விரியாத வாழைக்குருத்து ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். குருத்தின் வெளிப்புறம் அல்ல, சுருளைப் பிரித்தால் உள்ளே தெரியும் அந்த வெளிறிய, மஞ்சளும் பச்சையும் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிறம். ஏட்டில் அதற்கு மிக அண்மித்ததைத் தேடி, அதிலும் ஒரு படி வெளிறியதை எடுத்தோம். மட்டையைத் தரையருகே வைத்தபோது, தெறித்த சிவப்பும் நிறத்திலிருந்த பச்சையும் ஒன்றையொன்று விழுங்கி, எஞ்சியது சாதுவான பாற்கட்டி வெள்ளை. வேம்பின் பச்சை விழும் யன்னல் ஓரத்தில் சற்றுப் பச்சையாகத் தெரிந்தது. அது பச்சைக்குள் பச்சை என்பதால் அழுக்காகத் தோன்றவில்லை. தரை, முன்பை விடச் செம்மையாகவும் துடைத்தாற்போலவும் இருந்தது. செவ்ரல் சொன்னதன் மறுபக்கம் இது: பச்சைச்சாயலின் அருகே சிவப்பு தன் முழு நிறத்தையும் காட்டும்.

நிறம் தீர்ந்தபின் மற்றவை விரைவாக முடிந்தன. சில நிறுவனங்களின் ஏடுகளில் நிறத்தின் பெயருக்குப் பக்கத்தில், அது எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்ற எண் ஒன்று இருக்கும். கறுப்புக்குப் பூச்சியம், முழு வெள்ளைக்கு 100. விறாந்தைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹோலுக்கு 70ஐ அண்டியோ மேலாகவோ எடுப்பது நல்லது. 50க்குக் கீழே போனால் பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும். மினுக்கம் அதிகமான பெயின்றைத் தவிர்த்தோம். பழைய சாந்துச் சுவரின் மேடு பள்ளங்களை மினுக்கம் பறைசாற்றும், அதுவும் ஒளி பக்கவாட்டில் விழும் அறையில். முற்றிலும் மினுக்கமற்றதோ, செம்மண் புழுதியையும் மருமக்களின் கைகளையும் துடைக்க விடாது. இடைப்பட்டதே சரி.

சுவரின் அடியில் மூன்று, நான்கு அடிக்குக் கருநிற எனாமல் பட்டி அடிப்பது நமது ஊரில் பரவலான வழக்கம். அழுக்குத் தெரியாது என்பது உண்மை, ஆனால் சிறிய அறையின் சுவரை அது இடுப்பில் வெட்டிக் குள்ளமாக்கிவிடும், எனாமல் அடைத்த இடத்தில் ஈரமும் உப்பும் இன்னும் மேலே ஏறும். ஆறு அங்குலச் சீமெந்து விளிம்பைத் தரையின் சிவப்பிலேயே விட்டோம். ஒரு சுவருக்கு மட்டும் கடும் நிறம் அடிக்கும் நாகரிகத்துக்கும் இடமில்லை. எங்கள் மேற்குச் சுவரில் அப்பாவும் முருகனும் பட்டமளிப்பும் ஏற்கனவே போதிய கனத்தோடு தொங்குகிறார்கள். ஓட்டின் கீழ் அடித்த சீலிங் மட்டும் மினுக்கமற்ற வெள்ளை. தரையிலிருந்து ஏறும் ஒளியை அறைக்குள் மறுபடி இறக்குவது அதுதான் என்பதால் அங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது. பழைய கதவுகளின் எனாமலைச் சுரண்டுபவர்கள், அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், நனைத்துத் தேய்த்துப் பிள்ளைகளைத் தூர வைப்பது அவசியம்.

கணக்கு இதுதான்: நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி, 440 சதுர அடி, கதவு யன்னலுக்கு 80 கழித்தால் 360, இரண்டு பூச்சுக்கு 720. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு 110 சதுர அடி போகும் என்று வைத்தால் ஆறரை லீற்றர். நான்கு லீற்றர்ப் பேணி இரண்டு வாங்கினோம். இரண்டும் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் கலந்தவையே எனினும், அண்ணை இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பின்னரே ரோலரை நனைத்தார். பேணிக்குப் பேணி வரும் நுண்ணிய வேறுபாடு சுவரின் நடுவே கோடாகத் தெரியாமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

எதிர்பாராத சிக்கல் ஒன்று இரவில் காத்திருந்தது. முதல் நாள் மாலை விளக்கைப் போட்டதும் எங்கள் வாழைக்குருத்து, மருந்துப் போத்தலின் நிறமாகிவிட்டது. "என்னடா, ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னபோது எனக்கு நான்கு மாத உழைப்பும் வீணானதுபோல் இருந்தது. குற்றம் சுவரில் அல்ல, 6500 கெல்வின் என்று அச்சிட்ட குளிர்ந்த வெள்ளை ரியூப் லைற்றில். மட்டைகளை இரவில் பார்த்தபோது நான் பயன்படுத்தியது மேசை விளக்கு. இதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் மின்குமிழ்கள் இரண்டை மாட்டியபின் சுவர் அமைதியடைந்தது. சமையலறைக்கு அந்த ரியூப் லைற் போயிற்று, அங்கே மீன் வெட்ட நல்ல வெளிச்சம்.

எஞ்சிய பெயின்றை ஒரு ஜாம் போத்தலில் நிரப்பி, நிறத்தின் எண்ணை மூடியில் எழுதி அலுமாரிக்கு மேலே வைத்தேன். பிறகு நண்பகல் வெளிச்சத்தில் ஹோலைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கைத்தொலைபேசியின் கமரா தானாகவே வெளிச்சத்தைத் திருத்தி, சுவரில் இருந்த துளிப் பச்சையையும் துடைத்தெறிந்துவிட்டிருந்தது என்பதை அனுப்பிய பின்னர்தான் கவனித்தேன். "நாலு மாசம் கதைச்சுப்போட்டுக் கடைசியில வெள்ளை தானே அடிச்சிருக்கிறீங்கள்" என்று குரற்பதிவு வந்தது. நான் அகலக்கோட்டிலிருந்து விளக்கத் தொடங்குமுன் அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாறாய் தானே, வந்திருந்து பார்."